பின்பக்கமாக நடந்தது யார்?

அக்டோபர் 14, செவ்வாய்

தாடையைக் கம்பி போட்டுக் கட்டி இன்றோடு பதினோரு நாள். பள்ளிக்கூடமே 'வாயாடி' என்று கூப்பிடும் பெண்ணுக்கு வாய்ப்பூட்டு. இதைவிட நல்ல கடி ஜோக்கை நானே போட்டிருக்க முடியாது.

எல்லாம் ஸ்ட்ரா வழியாகத்தான் உள்ளே போகிறது. அம்மா கையில் கிடைத்ததை எல்லாம் மிக்ஸியில் அடிக்கிறாள். நேற்று அடித்தது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. பட்டப்பகலில் குடித்துவிட்டுக் காரை நடைபாதையில் ஏற்றி என்னை இடித்தவன் அவன். குடித்தே உயிர்வாழ வேண்டியவள் நான்.

சாயங்காலம் பம்பரம் வந்தாள். ஒரு இடத்தில் நிற்காததால் அந்தப் பெயர். நான்தான் வைத்தேன். அன்றைக்கு என்கூட இருந்தும் ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பித்தவள். பாட நோட்டுகளை வைத்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "டீ, காலைக் கூட்டத்துல உன் இடத்துல என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. நீ வர்ற வரைக்கும்தான்" என்றாள்.

சிலேட்டில் 'நல்லது' என்று எழுதிக் காட்டினேன். எழுதின வேகத்தில் பல்பம் உடைந்தது.

அக்டோபர் 16, வியாழன்

பம்பரம் பேசியதற்கு ஒன்பதாம் வகுப்பு சிரித்ததாம். ஒன்பதாம் வகுப்பு! நான் தலைகீழாக நின்றபோதுகூடக் கொட்டாவி விட்ட கும்பல் அது.

அக்டோபர் 20, திங்கள்

காரோட்டியின் மாமனார் வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். தாடையைக் கட்டிப்போட்டிருக்கிறவளுக்கு முழு ஆப்பிள்! என் பக்கமே திரும்பவில்லை. அம்மாவிடம் ஒரு தாளை நீட்டினார். "சமாதானமாப் போயிடலாம்மா. ஆஸ்பத்திரி பில் எங்க பொறுப்பு. கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா பொண்ணு படிப்புதான் கெடும்."

அம்மா சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்தாள். பேனாவைத் திறந்தேவிட்டாள். நல்லவேளை, லாரியோடு வெளியூரில் இருந்த அப்பா அந்த நேரம் பார்த்துப் போன் செய்தார். கேட்டதும் ஒரே வார்த்தை: "மூடு."

பேனாவையா, அம்மா வாயையா என்று தெரியவில்லை. இரண்டும் மூடின.

இருமல் மருந்து குடித்தால்கூட அன்றைக்கு ஸ்டியரிங்கைத் தொடமாட்டார் அப்பா. இருபத்திரண்டு வருஷமாக.

அக்டோபர் 23, வியாழன்

இலவச சட்ட உதவி மையம். ஒரு மேசை, ஒரு ஆடும் நாற்காலி, ஒரு வக்கீலக்கா. எனக்குப் பதினாறு வயது என்பதால் கட்டணமே இல்லையாம். அக்கா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "நல்லவேளை கையெழுத்துப் போடலை" என்றார்.

இதில் இரண்டு விஷயமாம். குடித்துவிட்டு ஓட்டியதற்குப் போலீஸ் போட்ட வழக்கு ஒன்று. அதை மாமனாரும் நாங்களும் பேசி முடித்துவிட முடியாது. எங்களுக்குத் தெரியாமல் அதில் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம், முதல் தகவல் அறிக்கையின் நகல் கேட்கலாம், தண்டனை சொல்லும் முன் எனக்கு என்ன ஆனது என்பதை நானே நீதிபதிக்கு எழுதலாம். இன்னொன்று நஷ்டஈட்டு மனு. காரை இன்சூர் செய்த கம்பெனிதான் தரவேண்டும். அதிலும் சமாதானம் என்றால், நான் மைனர், நீதிபதி பார்த்துச் சரி என்றால்தான் செல்லும்.

சிலேட்டில் எழுதினேன்: 'அவர் ரத்தத்தில் சாராயம் என்று ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இருக்கிறதே. முடிந்ததுதானே?'

"முடியலை. அவர் குடிச்சிருந்தார்ங்கிறது ஒண்ணு. நீ எங்கே நின்னேங்கிறது வேற. உன் மேலயும் தப்பு இருக்குன்னு காட்டினா நஷ்டஈட்டுல வெட்டுவாங்க."

அடுத்த வருஷம் தாடைக்கு இன்னொரு ஆபரேஷன் இருக்கிறது. மூன்று பல் கட்டவேண்டும். வெட்டினால் அதில்தான் வெட்டு விழும்.

நான் சிலேட்டைத் துடைக்கவே இல்லை.

நவம்பர் 3, திங்கள்

பம்பரத்துக்குக் கைதட்டலை நிறுத்தத் தலைமையாசிரியை மணி அடிக்கவேண்டி வந்ததாம். இதைச் சொன்னது அவள் இல்லை. அவள் தங்கை. அவள் சொல்லியிருந்தால் பீற்றுகிறாள் என்று திட்டலாம். அந்தப் பாக்கியமும் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கம்பியை எடுத்தார்கள். கம்பி எண்ணவேண்டியவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். ஆறு வாரம் எண்ணி முடித்தவள் நான்.

வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. வலது பக்கம் மூன்று பல் இருந்த இடத்தில் நாக்கு போய்ப் போய்த் தேடுகிறது.

டிசம்பர் 4, வியாழன்

நஷ்டஈட்டு மனுவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. வக்கீலக்கா எல்லோரையும் கூப்பிட்டு வாசித்தார். அப்பா, அம்மா, நான், சாட்சி என்பதால் பம்பரம்.

நான் விளையாட்டாகப் பின்பக்கமாக நடந்து நடைபாதையைவிட்டு ரோட்டில் இறங்கினேனாம். என்னைக் காப்பாற்ற அந்த மகான் வண்டியைத் திருப்பினாராம். நானும் அதே பக்கம் தாவினேனாம். ஆதாரம்? நானே என் கையால் போலீசுக்கு எழுதிக் கொடுத்தது: 'நான் பி.டி. மிஸ் மாதிரி பின்பக்கமாக நடந்து நடித்துக்கொண்டிருந்தேன்.'

"ஆனா உன் சிநேகிதி வேற மாதிரி சொல்லியிருக்கா" என்றார் அக்கா. "நடிச்சது தான்தான், நீ சுவர்ல சாஞ்சு நின்னேன்னு. உன்னைக் காப்பாத்த அவ பொய் சொல்றான்னு இப்போ கம்பெனி சொல்லுது."

எல்லோரும் பம்பரத்தைப் பார்த்தோம். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அப்பா வெளியே வந்து என்னைக் கேட்டார். "ரோட்டுல இறங்கினியா?"

"இல்லப்பா."

அது உண்மை. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன்.

நடித்தது அவள்தான்.

பி.டி. மிஸ் விசில் ஊதிக்கொண்டே பின்னாலேயே நடப்பாரே, இடுப்பில் ஒரு கை, கண் மட்டும் வாட்சில் — அந்த நடையை நான் ஆறு மாதம் முயற்சி செய்தேன். வரவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்றால் வாத்து மாதிரி இருந்தேன். அவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல், புத்தகப் பையோடு, நடைபாதையில் திடீரென்று செய்து காட்டினாள். அப்படியே பி.டி. மிஸ்!

அடிபட்ட ஆறாம் நாள் போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அதற்கு முந்தின நாள்தான் வகுப்பே வந்து என் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு அவளிடம் அந்த நடையைச் செய்யச் சொல்லிக் கேட்டது. என் கட்டிலைச் சுற்றி! அவள் மாட்டேன் என்றாள். ஆனாலும் பேச்சு முழுக்க அதுதான். பேச முடியாது என்பதால் போலீஸ்காரர் தாளைக் கொடுத்தார். "என்னம்மா செஞ்சிட்டிருந்தீங்க?" என்றார்.

எழுதிவிட்டேன். ஒரே வரிதானே. யார் பார்க்கப் போகிறார்கள்?

பார்த்துவிட்டார்கள்.

டிசம்பர் 6, சனி

பம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி நீ அங்கேயே சொல்லலை?"

"என்னன்னு சொல்ல? இவ பொய் சொல்றா, நல்ல நடிப்பு என்னோடதுன்னா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கே போலீஸ்காரர் படிச்சுக் காட்டினார். வாயைக் கட்டிப் படுத்திருக்கா, வச்சுக்கட்டும்னு விட்டேன். இப்படி வந்து நிக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

"கோபமா?"

"கொன்னுடுவேன். அந்த நடைக்கு மூணு வாரம் எங்கம்மா கண்ணாடி முன்னாடி நின்னிருக்கேன்."

மூன்று வாரம். நான் ஆறு மாதம். இதைக் கேட்டும் எரிந்தது. நல்லவளாக இருக்கிறதிலும் அவளே முதல். எனக்குன்னு ஒண்ணாவது விட்டு வைக்கக்கூடாதா இவ?

டிசம்பர் 8, திங்கள்

வக்கீலக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவைக் கடித்தார்.

"திருத்திச் சொல்லலாம். ஆனா ஏன் மாத்துறேன்னு கூண்டுல கேப்பாங்க. யாரோ சொல்லிக் கொடுத்தாங்கன்னு மடக்குவாங்க. உண்மையான காரணத்தைச் சொல்லணும். சொல்லுவியா?"

"அவ முன்னாடியா?"

"அவ சாட்சி. உன் முறை வரும்போது வெளியே இருப்பா. அப்பா அம்மா இருப்பாங்க."

அப்பாடா என்றிருந்தது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் அக்கா சொன்னார்: "நீ சொன்னது அவளுக்குத் தெரியாம இருக்காது. அவளையும் அதைப் பத்திக் கேப்பாங்க."

டிசம்பர் 9, செவ்வாய்

அப்பாவிடமும் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுத்துக் கழுவினார். "ரெண்டு வண்டி மோதினாக்கூட யார் மேல தப்புன்னு நான் மாத்திச் சொன்னதில்லை" என்றார். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

ஜனவரி 22, வியாழன்

இன்று விசாரணை.

கம்பெனி வக்கீல் நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். "போலீஸ்கிட்ட ஒண்ணு, இங்கே ஒண்ணு. யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லைங்க."

"அப்போ ஏன்?"

பேச்சுப்போட்டியில் ஒரு தடவைகூட எனக்கு வார்த்தை வராமல் போனதில்லை. தாடை திறந்துதான் இருந்தது. வரவில்லை. வக்கீலக்கா குனிந்து ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறாமைங்க."

"சத்தமா."

"பொறாமை! அவ என்னைவிட நல்லா நடிச்சா. அதை நான் செஞ்சதா எழுதிட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. "அவங்க எப்படி நடந்தாங்க? காட்டு" என்றார்.

கூண்டுக்குள் இரண்டடி பின்னால் நடந்து காட்டினேன். கை இடுப்பில், கண் வாட்சில். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதே வாத்து.

"நீ அப்போ எங்கே இருந்தே?"

"சுவர்ல சாஞ்சு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேங்க. அதான் கார் ஏறி வர்றதை நான் பாக்கவே இல்லை."

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். பிறகு எழுதினார்.

நான் அம்மாவோடு வெளியே வந்தேன். அடுத்து பம்பரம் உள்ளே போனாள். கதவு சாத்தியிருந்தது. அரை மணி நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது — கோர்ட்டே சிரிக்கிற சத்தம்.

அவளையும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். எதுக்குன்னு கேட்டா... வழக்கு ஜெயிக்கப்போற சந்தோஷத்துலன்னு அம்மா நினைச்சா. நானும் அப்படியே விட்டுட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

உத்தரவு வந்தது. நான் நடைபாதையில்தான் நின்றேன், என் மேல் தப்பு துளியும் இல்லை, வெட்டு இல்லை. கம்பெனி கொடுத்துவிட்டு வேண்டுமானால் குடித்தவனிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஆபரேஷனுக்குத் தேதி வாங்க அம்மா இன்றைக்கே போய்விட்டாள். போலீஸ் வழக்கு இன்னும் நடக்கிறது. நீதிபதிக்கு நான் எழுதவேண்டிய கடிதத்தில் நாலு வரி ஆகியிருக்கிறது. நாலும் நிஜம்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஆண்டு விழாவுக்கு எழுதிய நாடகத்தைப் பம்பரம் கொண்டுவந்தாள். என்னிடமே அபிப்பிராயம் கேட்டாள். "மூணாவது காட்சி இழுக்குது, தூக்கிடு" என்றேன். முகம் சுருங்கியது. சரி என்று நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு மறுபடியும் படித்தேன். இழுக்கவில்லை. அதுதான் இருப்பதிலேயே நல்ல காட்சி. எனக்கு முதலிலேயே தெரியும்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று பார்த்துப் போன் செய்தேன்.

"மூணாவது காட்சியைத் தொடாதே."

"ஏன்டி? இப்பத்தானே தூக்கச் சொன்னே?"

"நல்லாயிருக்கு. அதான்."



"எழுதிக் குடுக்கிறியா?" என்றாள்.

பிசாசு. இந்த ஜோக் எனக்குத் தோணியிருக்கணும்.