தாளில் இல்லாத வரி

இன்று காலை பழைய கோப்பைத் திறந்ததும் குப்பென்று கருவாட்டு வாசனை. உன் வாக்குமூலத்தின் அடியில், உன் கைநாட்டுக்குப் பக்கத்தில், ஒரு மீன் செதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டிவிட மனசு வரவில்லை, போ.

சுனாமி வந்து மூன்றாம் ஆண்டு அது. புவி சூடாகிக் கடல் ஏறுகிறது, பணக்கார நாடுகள்தான் பொறுப்பு என்று உலக மாநாட்டில் நம் நாடு பேசப்போகிறது, கடற்கரைக்காரர் ஒருவரின் வாக்குமூலம் வேண்டும் என்றார்கள். அரசு அலுவலகத்தில் தற்காலிக மொழிபெயர்ப்பாளர் நான். மூன்றாம் வகுப்புவரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உன்னைத் தேடி உங்கள் மீனவக் குப்பமான குருசுக்குப்பத்துக்கு ஓடிவந்தேன். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டித் தீர்த்தாய்.

"பிரான்சுக்காரனும் அமெரிக்காக்காரனும் வுட்ட பொகையில கடல் ஏறுதுன்னா எழுதிக்க. ஆனா நம்ம கவருமெண்டு ஆளுங்க அந்தாண்ட கடல்ல கல்லக் கொட்டி செவுரு கட்னப்புறந்தான்டி அல இந்தப் பக்கம் திரும்பி என் வூடு போச்சு. அதையும் எழுது."

ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி கல் சுவர் பற்றிய வரியைச் சுழித்தார். "நம்ம தப்ப நாமளே சொன்னா அங்க மடக்கிடுவாங்கம்மா. இங்க எலெக்‌ஷன் வேற வருது." எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம். வரியை எடுத்துவிட்டு வேறு தாளில் தட்டச்சு செய்தேன்.

நீ சும்மா கைநாட்டு வைக்கிற ஆளா? "முழுசாப் படிச்சுக் காட்டு" என்றாய். பாவி நான், தாளில் இல்லாத வரியையும் சேர்த்துத் தமிழில் படித்தேன். நீ கடலைப் பார்த்துக் கும்பிட்டு, "கடலம்மா மேல ஆணையா அத்தனையும் நெசம்" என்று விரலை வைத்தாய். உங்கள் குப்பத்தில் அந்த ஆணையை யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்யமாட்டார்கள்; பொய்யானால் கடல் அந்த வீட்டையே கேட்கும் என்பார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். அதற்குள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து கல்லில் அலை மோதும் பக்கமே நான் போவதில்லை. ஆணை உன்னுடையது, பொய் என்னுடையது. கடல் யாரைக் கேட்கும்? உன் மகள் அதே கரையில்தான் குடியிருக்கிறாள்.

இப்போது ஐரோப்பாவில் பெரிய மாநாடாம். பழைய வாக்குமூலத்தையே மறுபடி கேட்கிறார்கள். உன் கைநாட்டுக்கு மேலிருந்த வெற்றிடத்தில் அந்த வரியைப் பேனாவால் எழுதி, விட்டது நான்தான் என்று என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். அதிகாரி பத்து மணிக்கு வருவார்.

முழுசாப் படிச்சுக் காட்டு என்கிறாய். படிக்கிறேன், கேள். இந்தத் தடவை தாளில் இருப்பதைத்தான் படிக்கிறேன்.