துருப்பிடிக்காத பூட்டு

அன்பு மகள் ஸ்நேகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் அப்பாவும் நானும் உடம்புக்கு நலம், மனசுக்குத்தான் நலமில்லை. மஸ்கட்டில் டியூட்டி முடிந்து வந்ததும் நாஷ்டா சாப்பிடாமல் படுக்காதே. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய், சுவருக்கு அந்தப் பக்கம் திலகவதிக்கு எல்லாம் கேட்கும், அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீ ஏழாவது படித்த காலத்திலிருந்து நம் வீட்டு இன்னொரு சாவி அவளிடம்தானே இருக்கிறது. போன மாதம் தேர்வாய் கண்டிகையில் எங்கள் கம்பெனி மெஷின் பழுதாகி மதியமே அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, உன் கட்டிலில் ஃபேனைப் போட்டுக்கொண்டு திலகவதி தூங்குகிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, தலையணையைத் தட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள். பீரோவை மூன்று தரம் பார்த்தேன், ஒரு பொருளும் குறையவில்லை. ஆனாலும் எத்தனை நாளாக இப்படியோ. மறுநாளே புதுப் பூட்டு மாட்டினேன். இன்னாக்கா புதுசு என்று கேட்டாள், பழசு துருப்பிடித்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த மகராசி சாயங்காலமே தேங்காய் எண்ணெய்க் கிண்ணியோடு வந்து நிற்கிறாள், ரெண்டு சொட்டு வுட்டா சரியாப்பூடும்க்கா, எடு என்கிறாள். பழைய பூட்டை எடுத்துக் கொடுத்தேன், வேறென்ன செய்வது. எண்ணெய் விடும் முன்னே தன் இடுப்புச் சாவியைப் போட்டாள், டக்கென்று திறந்துகொண்டது. மறுபடி பூட்டி என் கையில் கொடுத்துவிட்டுக் கிண்ணியோடு போய்விட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவ ஊட்ல ஒரே ரூமு, மருமக, கைக்குழந்த வேற அழுதுகினே கீது, நைட் ஷிப்டு பாத்துட்டு வர்றவ எங்க படுப்பா என்கிறார் அப்பா. என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவளும் பேசுவதில்லை. கம்பெனி பஸ்ஸில் நாலு தரம் பையைத் தடவி சாவி இருக்கிறதா என்று பார்க்கிறேன், வேலையில் கை ஓடவில்லை.

இன்று காலை பழைய பூட்டையே மாட்டிவிட்டு வந்தேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த திலகவதி பார்த்தாள். கேண்டீனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் சர்ச் ராபின் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டித்தான் தருவேன், பிரிந்திருந்தால் எனக்குச் சொல். ஜெபம் பண்ணாமல் தூங்காதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா செண்பகம்

பி.கு.: அந்தப் பழைய சாவியை நான் திருப்பிக் கேட்கவே இல்லை. இன்று காலையும் அவள் இடுப்பில்தான் இருந்தது.