ஒரு குழாயோடு மூன்று பிள்ளை பெற்ற மாமிக்கு

என் உயிரைக் காத்த மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை அடக்கிய மையவாடிக்குள் நம் ஊர்ப் பெண்கள் வருவதில்லை என்பதால் காகிதத்தில் வருகிறேன். முதலில் நல்ல செய்தி. இன்று காலை ராமநாதபுரம் போய் ஸ்கேன் எடுத்தேன். ஏழாவது வாரம் நடக்கிறது. இந்த முறை கரு கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கிறது மாமி. இதயம் துடிப்பதையும் காட்டினார்கள். போன வாரம்தான் லீவு முடிந்து சவூதிக்கு, தம்மாமுக்குத் திரும்பிய உங்கள் மகனுக்குப் போன் போட்டேன். செய்தியைச் சொன்னதும் லைன் போய்விட்டது என்று நினைத்தேன், அழுதுகொண்டிருந்திருக்கிறார்.

இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். டிவியில் பழைய நாடகத்தையே மூன்று தடவை பார்க்கிற ஆள்தானே நீங்கள்!

மூன்று வருடம் ஆகிறது. உங்கள் மகன் இரண்டு மாத லீவில் வந்திருந்தார். எனக்கு நாள் தள்ளிப்போனதும் தெரு முழுக்கச் சீனி கொடுத்தீர்கள். அடுத்த வாரமே அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, லேசான ரத்தப்போக்கு. டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டது என்றார். அதை எடுத்துக் கர்ப்பப்பையில் வைக்க வழியில்லை, வளர விட்டால் குழாய் வெடித்து என் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்.

இரண்டு வழி சொன்னார். கரு சின்னதாக இருக்கிறது, துடிப்பு இல்லை, உள்ளே ரத்தக் கசிவும் இல்லை என்பதால் ஊசி போட்டே கரைத்துப் பார்க்கலாம். குழாய் மிஞ்சும். ஆனால் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனின் அளவு முழுக்க இறங்கும்வரை விடாமல் டெஸ்டுக்கு வர வேண்டும், பிறகும் மூன்று மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. இல்லையென்றால் வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். அதில் பெரும்பாலும் அந்தக் குழாயையே எடுத்துவிடுவார்கள்.

நான் என்ன கேட்டேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "ஆபரேஷனே பண்ணிருங்க டாக்டர். அவங்களுக்கு லீவு ஒரு மாசந்தான் இருக்கு" என்றேன். வளைகுடாவில் மாப்பிள்ளை இருக்கிற பெண்ணுக்கு லீவுதானே நாள்காட்டி?

நீங்கள் என் தலையில் செல்லமாகக் குட்டினீர்கள். "லீவப் பாத்தா புள்ள தங்கும்? அவன் போயிட்டு வருவான். நீங்க ஊசியப் போடுங்க டாக்டரம்மா." இதைச் சொல்லிவிட்டு மருந்துக் கடை வரிசையில் நிற்கப் போய்விட்டீர்கள்.

ஊசி போட்ட ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. ஆண்களெல்லாம் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். எனக்குக் கண் இருட்டியது. வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் பக்கத்து வீட்டுச் சாச்சி ஓமத்தண்ணி கொண்டுவந்தார். நீங்கள் மட்டும், "புள்ள, தோள்ல குத்துதா?" என்று கேட்டீர்கள். வலி வயிற்றில் இருக்கும்போது தோளை ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. குத்தியது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை ஊர் இன்னும் பேசுகிறது. தொழுகை முடியட்டும் என்று காத்திருக்காமல், பள்ளிவாசல் முன்னால் செருப்புக் குவியலுக்கு நடுவே நின்று, கார் வைத்திருந்தவரைப் பேர் சொல்லிக் கத்தினீர்கள். "எம் மருமவ சாகக் கெடக்குறா, ஓடி வாடா!" இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் நான் இல்லை என்று டாக்டரம்மா பின்னால் சொன்னார்.

குழாய் வெடித்திருந்தது; உள்ளே கசிந்த ரத்தம்தான் தோளில் குத்தியதாம். அதை எடுத்துவிட்டார்கள். வார்டில் கண் விழித்ததும் எனக்கு இனி பிள்ளையே கிடையாது என்று அழுதேன். நீங்கள் கட்டில் திரையை இழுத்துவிட்டு, சேலையை ஒதுக்கி அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினீர்கள். குடல்வால் ஆபரேஷன் என்று ஊரையே நம்ப வைத்த தழும்பு அது.

"குடல்வாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒனக்கு வந்ததுதான் எனக்கும். தோள்ல குத்துனது எனக்கு இன்னும் மறக்கல. ஒத்தக் குழாயோட மூணு பெத்தேன், மூத்தவந்தான் ஒம் மாப்பிள. நான் இருக்குற வரைக்கும் யாருட்டயும் சொல்லிராத."

நீங்கள் இருந்த வரைக்கும் சொல்லவில்லை மாமி. அன்று சாயங்காலம் டாக்டரம்மாவும் ஒரு குழாய் போதும் என்றே சொன்னார். மறு பக்கத்துக் குழாய் நன்றாக இருக்கிறது, தானாகவே கர்ப்பம் தரிக்க நல்ல வாய்ப்பு உண்டு. மறுபடியும் குழாயில் தங்குகிற பயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதால், நாள் தள்ளினால் உடனே வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும். இன்று நான் அப்படி ஓடியதற்கு அதுதான் காரணம்.

அன்று ராத்திரி வார்டுக்கு வந்த வேறொரு டாக்டர் பேச்சோடு பேச்சாக என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று கேட்டார். கர்ப்பம் என்று தெரிந்ததும் நர்ஸம்மா தந்த போலிக் ஆசிட் மாத்திரையை ஊசிக்குப் பிறகும் தினம் பாலோடு கொடுத்துவந்ததை நீங்கள் வெள்ளந்தியாகச் சொன்னீர்கள். அந்த மாத்திரை ஊசி மருந்தை வேலை செய்ய விடாதாம். "எங் கையாலதானே கொடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். பக்கத்தில் இருந்த உங்கள் மகன் எழுந்து வெளியே போனார்.

போன வருடம் நெஞ்சுவலியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்து, "அந்த மாத்திரைக்கு என்னைய ஹலாலாக்கிரு புள்ள" என்றீர்கள். மனதில் குறை வைக்காமல் மன்னித்துவிட்டேன் என்று சொல்லும் ஒரு வார்த்தை. கேட்டால் எதிரிக்குக்கூடச் சொல்லுவோம். நான், "பேசாமப் படுங்க மாமி" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். மறுநாள் நீங்கள் மவுத்தாகிவிட்டீர்கள்.

அந்த வார்த்தை ஏன் வரவில்லை என்று இன்று சொல்கிறேன். நீங்கள் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் டாக்டரம்மா என்னிடம், "போலிக் மாத்திரையை இன்னையோட நிறுத்திரும்மா" என்று தெளிவாகச் சொன்னார். என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் மறுநாள் நீங்கள் மாத்திரையை நீட்டியபோது, இதை நிறுத்திவிட்டால் பிள்ளை நிஜமாகவே இல்லை என்று ஆகிவிடும் என ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. வாங்கி விழுங்கினேன். ஒன்பது நாளும் விழுங்கினேன். வார்டில் நீங்கள் பழியை ஏற்றபோது வாயைத் திறக்கவில்லை.

இன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். மாத்திரையால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஊசி சரியாக வேலை செய்யும்போதும் சிலருக்குக் குழாய் வெடிப்பதுண்டு என்றார். இதைக் கேட்க நீங்கள் இல்லையே.

குழாய் போய்விட்டது என்று எந்தப் பெண் என் முன்னால் அழுதாலும் உங்கள் தழும்பைப் பற்றிச் சொல்வேன். அதைவிட முக்கியமாக, இதைத் தபாலில் போடுவதற்கு முன் உங்கள் மகனிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். உம்மாவின் கையால் வந்த வினை என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என்னை ஹலாலாக்கிவிடுங்கள் மாமி.

உங்கள் மூத்த மருமகள்,
நஸீமா