பானு காய்ச்சிய பீர்

ஜனவரி 11, ஞாயிறு

இன்று கறி எடுத்திருந்தோம். சாப்பாட்டுக்கு நடுவில் பானு சொன்னாள். வேலை பார்க்கிற அம்பர்நாத் கம்பெனியில் அவளே பக்குவம் பார்த்து ஒரு பீர் காய்ச்சியிருக்கிறாளாம். பிரவுன் ஏல் என்று பெயராம், வறுத்த கடலை வாசம் அடிக்குமாம். அடுத்த மாதம் செம்பூரில் கம்பெனிக் கடையில் முதல்முதலாக ஊற்றிக் கொடுக்கப் போகிறார்கள். "ரெண்டு பேரும் வரணும்" என்றாள்.

அவள் அப்பா பிசைந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

நான்தான் சொன்னேன், யாரும் வரமாட்டோம் என்று. மைக்ரோபயாலஜி படித்த படிப்புக்கு அந்த வேலைதான் கிடைத்தது என்றாள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு இந்த வீட்டுக்குள் எதற்கு? இந்த மனுஷன் குடியை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தி இருபது வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தவள் நான். அவளுக்குத் தெரியாதா? அவளும் இதே ஒற்றை அறையில்தானே வளர்ந்தாள்.

"கடலையே சேக்கலம்மா. பார்லியை வறுக்கதுலயே கடலை வாசம்..." என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி 13

தம்பி மாரிசெல்வம் வந்தான். பானுவுக்கு அவன் பார்த்து வைத்திருந்த இடம், சயானில், பையன் பெயர் அனந்த், பேங்க் வேலை. அவர்களுக்கு யாரோ போனில் ஒரு படம் காட்டிவிட்டார்களாம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆள் உயர ஸ்டீல் தொட்டி பக்கத்தில் பானு நிற்கிறாள்.

அவள் அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னான்: "குடிகாரன் மவ சாராயம் காய்ச்சுதான்னு ஊரே சிரிக்கு, யக்கா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "மாப்பிள்ளை குடிப்பானாலே?" என்று கேட்டேன்.

"ஆம்பளைன்னா எப்பவாச்சும் இருக்கும்."

"அப்ப அவன் குடிக்கலாம். எம் மவ காய்ச்சக் கூடாது. அப்படித்தான?"

பானு வேலையை விட்டுவிட்டால் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். புத்தி சொல்ல வந்தானாம். கோயில் கொடை அன்றைக்கு அத்தானுக்கு ஊற்றிக் கொடுத்த கை எது என்று கேட்டேன். காப்பியைத் தொடாமல் எழுந்து போனான்.

எம் மவள நான் வைவேன், அடிப்பேன், என்னவும் செய்வேன். இவன் யாரு?

பொழுது சாய அவர் திரும்பி வந்தார். கையில் கரும்பு. எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் போய் மூச்சை மட்டும் மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. நான் மோந்தது அவருக்கும் தெரியும்.

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்கியது. யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஜனவரி 19

பானு அந்தப் பையனுக்கு அவளே போன் போட்டுப் பேசிவிட்டாள். அவனுக்கு ஒன்றுமில்லையாம், அவன் அம்மாவுக்குத்தான் சங்கடமாம். "அப்ப அம்மாட்ட பேசிட்டு நீங்க சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். அவன் திரும்பக் கூப்பிடவில்லை.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்ததை அவள் பார்த்திருக்கக் கூடாது. நான் இன்னும் அவளோடு சண்டைதான்.

ஜனவரி 25, ஞாயிறு

பானு வெளியே போன பிறகு அவர் பேச்சை எடுத்தார். லெதர் பட்டறையில் பை தைக்கிற மனுஷன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

அந்தக் கடைக்குள் தன்னால் வர முடியாது என்றார். "அந்த வாசம் பட்டா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது." குடியை விட்டவர்கள் கூடுகிற சயான் கூட்டத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்களாம், தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லு, வீரம் பேசாதே என்று.

பிறகு, "நீ போ. குடிச்சுப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. யாரைப் பாத்து என்ன சொல்லுதீய? நான் குடிக்கவா? அந்த நாத்தத்துல நான் பட்டது போதாதா? வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றுதான் சொன்னார்: "அவ செஞ்சத ருசி பாக்க இந்த வீட்டுல ஒரு ஆளாவது வேணும்லா. நான் அந்த யோக்கியதையைத் தொலைச்சுட்டேன்."

ஜனவரி 28

மாதுங்காவில் சமைக்கிற வீட்டில் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். அந்த அம்மாள் மீனாட்சியம்மாள் மோர் ஊற்றிச் சாப்பிட்டாள். நான் என்ன, பயப்படுகிறேனா? யாருக்கு? மாரிசெல்வத்துக்கா?

போகிறேன்.

பிப்ரவரி 7, சனி

போனேன்.

பச்சைப் பட்டு கட்டிக்கொண்டேன். கோயிலுக்கா என்று பக்கத்து வீட்டு ரஷீதா கேட்டாள். மகள் பீர் காய்ச்சியிருக்கிறாள், குடிக்கப் போகிறேன் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சேலை நல்லா இருக்கு என்றாள்.

அவர் செம்பூர் வரை கூட வந்தார். எதிர்ச்சாரியில் ஒரு டீக்கடை. அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே எல்லாம் கண்ணாடியும் வெளிச்சமும். எல்லாம் இளவட்டங்கள், என் வயசில் யாருமில்லை. பானுவின் முதலாளி ஷ்ரவண் ஓடி வந்து, ஆன்ட்டி, உங்களுக்கு மாம்பழ ஜூஸ் சொல்லட்டுமா என்று ஹிந்தியில் கேட்டான். நல்ல பையன்தான். ஜூஸ் வேண்டாம், என் மகள் செய்ததைக் கொடு என்றேன்.

பானுவே கொண்டுவந்தாள். சின்னக் கிளாஸ். டிகாக்ஷன் நிறம், மேலே பழுப்பு நுரை. மூக்குக்குக் கொண்டுபோனதும் முதலில் அந்தப் பழைய நாற்றம்தான். கீழே வைத்துவிடப் பார்த்தேன். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. மணலில் வறுத்த கடலையைத் தோலோடு கையில் வைத்துக் கசக்கினால் வருமே, அது. கொஞ்சம் கருப்பட்டி. ரொட்டி கருகின ஓரம்.

குடித்தேன். தொண்டை வேண்டாம் என்றது. விழுங்கினேன். கசப்பு. கசப்பு போன பிறகு கடலை திரும்ப வந்தது. இன்னொரு வாய் குடித்தேன்.

பானு ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அவள் இப்படி நின்றதில்லை.

"கசப்பு கொஞ்சம் தூக்கல். ஆனா கருகல, பதமாத்தான் வறுத்திருக்க" என்றேன்.

அவள் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தாள்.

படம் எடுக்கிற பெண் என்னை விட்டுவிட்டு மற்றவர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னையும் எடு என்றேன், கிளாஸோடு. குடும்ப குரூப்பில் போடச் சொன்னேன். பானு தயங்கினாள். மாமா பார்ப்பாரே என்றாள்.

"பாக்கட்டும். போடுட்டி."

வெளியே வந்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. என் வாயில் அந்த வாசம். முந்தானையால் மூடிக்கொண்டு அவரிடமிருந்து தள்ளியே நடந்தேன். வாழ்நாளெல்லாம் அவர் வாயிலிருந்து முகத்தைத் திருப்பினவள், இன்று என் வாயை அவரிடமிருந்து மறைக்கிறேன்.

"அங்கனயே இரு. அங்கன இருந்தே சொல்லு, கேக்கேன்" என்றார்.

நடுவில் இரண்டு ஆள் நடக்கிற இடம் விட்டு, பஸ் ஸ்டாப் வரை சொல்லிக்கொண்டே போனேன். நிறம், நுரை, கடலை, கருப்பட்டி, கசப்பு, எல்லாம். கசப்பு நாக்கில் நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது, ஆனால் உறுத்தவில்லை என்றேன்.

"அப்ப நல்லாத்தான் செஞ்சிருக்கா."

அத்தனை வருஷம் குடித்த மனுஷன், ருசியைப் பற்றி ஒருதரம்கூட என்னிடம் பேசியதில்லை. ருசிக்காகக் குடித்தாரா என்ன? பஸ் வரும்வரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பிப்ரவரி 8

மாரிசெல்வம் குரூப்பை விட்டுப் போய்விட்டான். பானுவின் அம்பர்நாத் சித்தி மட்டும் "சேலை எங்கே எடுத்தது" என்று கேட்டிருக்கிறாள். தாதரில் என்று போட்டேன்.

பிப்ரவரி 20

கசப்பைக் குறைத்து மறுபடி காய்ச்சுகிறாளாம். நான் சொன்னதற்காக இல்லையாம். இருக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ரோட்டோர மண்டபத்தில் ஒரு கல்யாணம். அவர் பக்கத்தில் டிராம்பேயிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார், பழைய பழக்கம். இரண்டு நாற்காலி தள்ளி மாரிசெல்வம். என்னைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிராம்பேக்காரர், மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி, "எம் மவ பீர் காய்ச்சுதா" என்றார். "அம்பர்நாத்துல. நல்லா காய்ச்சுதா."

அந்த மனுஷன் சிரித்துவிட்டு, அப்போ உமக்குக் கவலையே இல்லை, வாரும், சாயங்காலம் ஆளுக்கு ஒன்று போடலாம் என்று தொடையைத் தட்டினார்.

"நான் குடிக்கிறதில்ல" என்றார் இவர். அதையும் அதே குரலில்தான் சொன்னார்.

பந்தி போட்டுவிட்டார்கள் என்று எழுந்தார். நானும் போய் அவருக்கு அடுத்த இலையில் உட்கார்ந்தேன். பாயசம் நன்றாக இருந்தது.