வீட்டில் கேட்ட பாடம்

அக். 6, 2008, திங்கள்

காலையிலிருந்து தூறல். வாங்க: பால், மைக்குக்கு பேட்டரி, கொத்தமல்லி.

மூன்றாவது பாடம் பதிவு. மெடிக்கல் மாணவர்கள் லெக்சரை வீட்டில் கேட்டுவிட்டு வரவேண்டும், வகுப்பில் விவாதம் மட்டும். டிபார்ட்மென்ட்டின் புது யோசனை. முதலில் தலையாட்டியது நான்.

இந்த வாரம்: நோயை வீட்டாரிடம் மறைப்பவர்கள். உதாரணத்துக்கு மெஹர் லாத்தா, எனக்கு அக்கா மாதிரி. என்னிடம்தான் சர்க்கரைக்குப் பார்க்கிறார். பேர், ஊர் மாற்றினேன். ஃபிரிட்ஜில் தோசை மாவு டப்பாவுக்குப் பின்னால் இன்சுலினை ஒளித்து வைக்கும் ஒரு தாய். நன்றாக வந்தது. திரும்பப் போட்டுக் கேட்டு ரசித்தேன், வெட்கமில்லாமல்.

லாத்தாவின் மகள் ஷாஹினா என் வகுப்புதான். அவளுக்கே தெரியாத விஷயம், எப்படி அடையாளம் தெரியும் என்று ஒரு கணக்கு.

அக். 9, வியாழன்

வெயில், ஆனால் குளிர். ஆறாறு பேராக உட்கார்ந்தார்கள். கேள்வி: அந்தத் தாய் ஏன் மறைத்தாள்? ஒரு வெள்ளைக்காரப் பையன், படிப்பில்லை என்றான். இன்னொருத்தி, கல்ச்சர். லாத்தா மதுரையில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இரண்டையும் போர்டில் எழுதினேன்.

ஷாஹினா கை தூக்கினாள். எங்களிடம் சொல்லலாம் என்று அந்த அம்மா சொன்னார்களா? ஆங்கிலத்தில், நிதானமாக. பேரை மாற்றிவிட்டேன் என்றேன்.

பிறகு காரிடாரில் சொன்னாள். நேற்று சாயங்காலம், ஹாலில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டிருக்கிறாள். லெக்சரை நடுவில் நிறுத்திவிட்டுப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தாளாம். சமையலறையில் லாத்தா. எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

வகுப்பில் நின்று பேசியிருந்தால் மூன்றாவது வரிசையில் அவள் முகம் தெரிந்திருக்கும். வாய் தானாக மூடியிருக்கும். மைக்குக்கு ஏது முகம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது லாத்தா.

இரண்டு தடவை போன். எடுக்கவில்லை.

அக். 12, ஞாயிறு

லாத்தா வீட்டுக்கு நேரே போனேன். சலாமுக்குப் பதில் சொன்னார். டீயும் கொடுத்தார். அதுதான் தாங்கவில்லை.

"மன்னிச்சிருங்க லாத்தா."

"டாக்டர்கிட்டயா சொன்னேன், ஆயிஷா? தங்கச்சின்னு நெனச்சுல்ல சொன்னேன்."

டீ கப்பைக் கீழே வைத்தேன்.

"ஷாஹினாவுக்குச் சம்பந்தம் பேசி முடியட்டும், அதுவரைக்கும்னுதானே கேட்டேன். அவளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. தாய்க்கு ஊசி, மகளுக்கும் வரும்னு மாப்பிள்ளை வீட்டுல சொன்னா? கிளாஸ்ல நம்ம புள்ளைங்க வேற யாரு இருக்காங்க?"

"ரெண்டு பேர்."

கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊசி போடறீங்கல்ல?"

"புதன்கிழமையிலேர்ந்து இல்ல. எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து பதிவை நீக்கினேன். என்ன புண்ணியம், எல்லோரும் ஏற்கெனவே டவுன்லோட் செய்து வைத்திருப்பார்கள்.

அழுதேன். துணி மடித்தேன்.

அக். 14, செவ்வாய்

மழை. மதியம் ஷாஹினா போன். லாத்தாவுக்கு சுகர் முந்நூற்று நாற்பது. சண்டை போட்டு, அழுது, ஊசிக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். ஆனால் வேறு டாக்டர், பார்சிப்பனியில். அவ்வளவு தூரம் போனாலும் பரவாயில்லையாம், நான் வேண்டாம். பழைய ரிப்போர்ட் எல்லாம் அங்கே ஃபேக்ஸ் பண்ணச் சொன்னாள். போனில் எப்போதும் ஆன்ட்டி என்பாள். இன்று டாக்டர்.

ஃபைலை எடுத்தேன். பதினோரு பக்கம். முதல் பக்கத்தின் மேலே, போன வருஷம் என் கையாலேயே எழுதி, இரண்டு கோடு போட்டது: வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது.

அதையும் சேர்த்து அனுப்பினேன்.