கோமளா நின்று நின்று ஓடுவது ஏன்

அங்கம்மா,

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு. நேற்று சாயங்காலத்திலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை. நான் பூந்தமல்லிக்குக் கல்யாண வீடியோ எடுக்கப் போகிறேன். பதினொரு மணிக்குப் பார்வதம் அக்கா, தன் மகள் கல்யாண டேப்பைத் திரும்ப வாங்க வருவார். கொடுத்துவிடு. அதில் நம் கோமளா ஓடி வருகிற நாலு நொடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன்.

"இன்னா மாமா, புள்ள மூஞ்சில கோடு கோடா கீது?" என்று அழுதாயே. டேப்பில் ஒரு படம் என்பது இரண்டு பாதி, ஒரு வரி விட்டு ஒரு வரி. முதல் பாதிக்கும் அடுத்த பாதிக்கும் நடுவில், ஓடுகிறவள் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறாள். சேர்த்துப் பார்த்தால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். பந்தியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் கோடே இல்லை, பார்.

"செத்து நாலு வருசமாச்சு, இன்னும் என்னப் பாத்து நின்னு நின்னு போறா" என்றாய். அது என் தப்பு. நம் டேப்பில் நொடிக்கு இருபத்தைந்து படம். நான் முப்பது என்று வைத்துவிட்டேன். குறைகிற ஐந்துக்குக் கம்ப்யூட்டர் அதே படத்தை மறுபடி காட்டுகிறது. அங்கேதான் அவள் நிற்கிறாள். இதைச் சொல்ல வந்ததற்குத்தான் "நீயும் உன் மிஷினும்" என்று எழுந்து போனாய்.

இருபத்தைந்தில் திரும்ப ஏற்றிவிட்டேன். இப்போது நிற்காமல் ஓடுகிறாள்.

பின்குறிப்பு: பழையதை அழிக்கவில்லை. காலையில் அழிக்கத்தான் உட்கார்ந்தேன். எல்லாம் தெரிந்த நானே, அவள் நின்றபோது "இன்னாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.