ஏலக்காய்த் தோல் போட்ட சர்க்கரை

அன்புள்ள அக்கா,

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வில்லியனூர் வந்தபோது, உங்கள் மகள் உங்களுடைய சாப்பாட்டு டப்பாவை என் கையில் கொடுத்தாள். இன்றைக்குத்தான் அதைத் திறந்தேன். உள்ளே ஒரு பிடி சர்க்கரை. கூடவே ஏலக்காய் வாசனை. விரலை விட்டுத் துழாவினேன், காய்ந்த ஏலக்காய்த் தோல் இரண்டு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் அக்கா?

நான் திருபுவனையில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளிலிருந்து தொடங்குகிறேன். கரையாம்புத்தூரிலிருந்து திருபுவனை, காக்கா பறந்தால் பக்கம்தான். எங்கள் ஷிப்டுக்குத் தோதான நேர் பஸ் கிடையாது. அதனால் விடியுமுன் கிளம்பி, நடுவில் மாநில எல்லை தாண்டித் தமிழ்நாடு கொஞ்சம் வந்து போக, வில்லியனூரில் இறங்கி வேறு பஸ் மாறி, எட்டு மணிக்குள் கம்பெனி கேட்டைத் தாண்ட வேண்டும். சாயங்காலம் அதே சுற்று. முதல் இரண்டு நாளும் பஸ்ஸில் வாந்தி. மூன்றாம் நாள் பயந்துகொண்டு வெறும் வயிற்றோடு, கையிலும் சாப்பாடு இல்லாமல் வந்தேன்.

அன்று வில்லியனூர் ஸ்டாண்டில் இரண்டு பஸ் முன்னும் பின்னுமாக நின்றன. முன்னால் நின்றதில் ஜன்னலோரம் காலியாக ஒரு சீட், அதில் ஒரு சாப்பாட்டுப் பை. யாரோ வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பஸ் கிளம்பியது. பையின் சொந்தக்காரர் வரவேயில்லை. அந்த நேரம் நீங்கள் தவறிப்போய்ப் பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறி, உங்கள் பையைக் காணோமென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்பதெல்லாம் பிறகு நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

கண்டக்டரிடம் கொடுக்கத்தான் எடுத்தேன். இறங்குகிற நெரிசலில் கொடுக்க முடியவில்லை. மத்தியானம் பசியில் கண் இருட்டியது. திறந்து பார்த்தால் சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும். ஒரு வாய் என்று தொடங்கி, டப்பாவை வழித்துத் துடைத்துவிட்டேன். தின்றவள் நான்தான் அக்கா. உங்கள் முகத்தைப் பார்த்து ஒருநாளும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். திருடித் தின்ற பாத்திரத்துக்கும் அது பொருந்துமா என்று யோசிக்கத் தோன்றவில்லை. கழுவித் துடைத்து, வீட்டு டின்னிலிருந்து ஒரு பிடி சர்க்கரையை அள்ளிப் போட்டு, மறுநாள் யாரும் பார்க்காதபோது கண்டக்டர் சீட்டில் பையை வைத்துவிட்டு நகர்ந்தேன். அவர் அதைத் தூக்கிக் காட்டி யாருடையது என்று கேட்டார். நீங்கள் எழுந்து வாங்கினீர்கள். நான் கடைசி சீட்டில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பத்து நாள் கழித்து நீங்களாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். வாந்தி வருகிறதென்றதும் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தீர்கள். உடனே கதையை ஆரம்பித்துவிட்டீர்கள்.

“என் சோத்த ஒருத்தி துன்னுட்டாடி. ஆம்பளயா இருந்தா டப்பாவக் கழுவியிருப்பானா? சக்கரை வேற போட்டுக் குடுத்துருக்கா. திருடி இல்ல அவ, பசிக்காரி. யாருன்னு தெரிஞ்சாவணும் எனக்கு.”

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதிலிருந்து தினம் இதுதான் நம் பயணம். உங்கள் துப்பறியும் வேலையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். ஏறுகிற பெண்களின் பையைப் பார்ப்பீர்கள், கையைப் பார்ப்பீர்கள், தினம் அதே பஸ்ஸில் வருகிற நர்ஸம்மாவைக்கூட விட்டுவைக்கவில்லை. முழங்கையால் என்னை இடித்து “இவளா இருக்குமா?” என்பீர்கள். நானும் வெட்கமில்லாமல் இருக்கலாம் என்பேன், அல்லது இவள் கருவாடு தொடமாட்டாள் என்று வாதாடுவேன். திருபுவனை வந்ததே தெரியாது. அந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து நின்றுவிடப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். கால் வீக்கம் அப்படி. “அவளக் கண்டுபிடிச்சிட்டு நில்லு, நான் ஒண்டியாத் தேட முடியாது” என்றீர்கள். மாதம் போனது, வருடமும் போனது, எனக்கு வாந்தியும் நின்றுபோனது.

சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். முதலில், எனக்கு இடம் போடமாட்டீர்களோ என்று பயம். பிறகு, சொல்லிவிட்டால் நாளையிலிருந்து எதைப் பேசிக்கொண்டு போவது என்று பயம். ஒன்பது வருடம் உங்களை ஏமாற்றுகிறோமே என்று உறுத்திக்கொண்டேதான் சிரித்தேன்.

இன்று அந்தத் தோலைப் பார்த்ததும் உங்களைப் போலவே துப்பறிய ஆரம்பித்தேன். எறும்பு வராது என்று சர்க்கரை டின்னில் ஏலக்காய்த் தோல் போடுவது என் அம்மாவின் பழக்கம். எறும்பு என்னமோ வரத்தான் செய்கிறது, நானும் விடாமல் போடுகிறேன். அப்படியானால் அன்று உங்கள் டப்பாவிலும் தோல் போயிருக்கும். நான் கவனிக்கவில்லை. நீங்கள் கவனிக்காமல் விடுகிற ஆளா? ஆனால் ஊரெல்லாம் சொன்ன கதையில் அந்தத் தோலை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. கடைசித் துப்பை மடியில் முடிந்துவைத்திருந்தீர்கள், இல்லையா?

எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தது ஒரே ஒரு முறை, நான் சேர்ந்த முதல் வருடப் பொங்கலுக்கு. டீயில் சர்க்கரை போதவில்லை என்று நீங்களே அடுப்படிக்குள் போய் டின்னைத் திறந்தீர்கள். திரும்பி வர நேரமானது. எட்டிப் பார்த்தேன், டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தீர்கள்.

“இன்னாடி இது, சக்கரையில ஏலக்கா தோலு?”

அம்மா பழக்கம் என்றேன். சிரித்துவிட்டு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டீர்கள். அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் புதிதாக ஏறிய ஒரு பெண்ணைக் காட்டி, “இவளா இருக்குமா?” என்று என்னை இடித்தீர்கள். அன்று நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்களா, அவள் முகத்தையா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஏமாற்றியது நான் என்று நினைத்திருந்தேனே அக்கா. சந்தேகம் தீர உங்கள் மகளுக்கு போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே நீங்கள் சொல்லிவைத்ததாம்: “டப்பாவ அவகிட்ட குடு. சக்கரை போட்டுக் குடு. ஏலக்கா தோலு ரெண்டு, மறந்துடாத. அவளுக்குப் புரியும்.” ஏன் என்று கேட்டதற்கு, தூரத்துப் பொண்ணு, பஸ் மாறிப் பசியோட வேலைக்கு வரணுமே என்று மட்டும் சொன்னீர்களாம். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

நீங்கள் படுத்ததிலிருந்து அந்த பஸ் எனக்குப் பிடிக்கவில்லை. வேலையை விடுகிறேன் என்று எழுதின பேப்பர் நேற்று வரை பையில்தான் இருந்தது. சர்க்கரையை டின்னில் கொட்டி, தோலையும் அதிலேயே போட்டேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். எதையாவது போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று கை தானாக டின் பக்கம் போனது. யாரிடம் தருவது?

அதனால் இனி அது என்னிடமே இருக்கும். நாளைக்கு அதில் நெத்திலிக் குழம்பு. விடியற்கால பஸ்ஸில்தான் வருகிறேன்.